குறையை முதலில் சொல்கிறவர்

“படிச்ச புள்ளைதான். ஆனா இது வாயத் தொறந்து ஒரு கெட்டதைச் சொல்லுமா?”

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே பெரியக்கா முதலாளியிடம் இப்படிக் கேட்டார். முதலாளி சிரித்தார். “அது ஆபீஸ் வேலைக்கு வந்திருக்கு பெரியக்கா. எழுதினாப் போதும்.” பெரியக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் பத்தாவது தேறியவள் நான் ஒருத்திதான். அப்பா ரங்கூன் மாநகராட்சியில் சாக்கடை அள்ளினார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. நான் பத்தாவது தேறி, அஞ்சல் வழியில் பட்டமும் வாங்கி, ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியும் என்று சொல்லி வாங்கிய வேலை அது. புது வெள்ளைச் சட்டையும் பச்சை லோன்ஜிக் கைலியும் உடுத்தி, கன்னத்தில் தனாக்காப் பட்டைச் சாந்து பூசிக்கொண்டு போயிருந்தேன். முதல் நாளே ஒருவர் என்னைச் சரக்கு மூட்டையைப் போலக் குத்திப் பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை.

அவருடைய பேரை இங்கே எழுதப் போவதில்லை. ரங்கூன் தமிழர் பலரைப் போல அவருக்கும் இரண்டு பேர். வீட்டில் வைத்த தமிழ்ப் பேர் ஒன்று, அரசாங்க அடையாள அட்டையில் இருக்கும் பர்மியப் பேர் ஒன்று. தமிழ் ஆட்கள் பெரியக்கா என்றார்கள். பர்மிய ஆட்கள் டோஜீ என்றார்கள், அதுவும் கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான். அதனால் இரண்டு பேரையும் யாரும் வாயில் எடுத்ததில்லை.

எங்கள் குடோன் போட்டாதாங்கில், படகுத்துறைக்கு எதிரே இருக்கிறது. மேல் பர்மாவிலிருந்து லாரியில் வரும் உளுந்தும் துவரையும் அங்கே இறங்கி, சுத்தமாகி, கப்பல் ஏறும். பெரியக்கா சரக்குப் பார்ப்பவர். மூட்டையில் கூர்மையான இரும்புக் குழாயைக் குத்தி, அதன் வழியே சரியும் பருப்பை உள்ளங்கையில் வாங்கி, விரலால் உருட்டி, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடிப்பார். கடிக்கும் சத்தத்திலேயே ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஈரம் பார்க்கும் மெஷின் ஒன்றும் ஆபீசில் இருந்தது. மின்சாரம் இல்லாத நேரமே அதிகம் என்பதால் மெஷினைவிட அவர் பல்லுக்குத்தான் வேலை.

காலை ஒன்பது மணிக்கு நீள மேசையில் தகரத் தட்டுகளை வரிசையாக வைப்பார்கள். ஒரு லாரிக்கு ஒரு தட்டு. முதலாளி, லாரிச் சரக்கின் தரகர், நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்போம். பெரியக்கா ஒவ்வொரு தட்டாக வந்து முதலில் அதன் குறையைச் சொல்வார். கல், வண்டு, ஈரம், முறிவு. குறையெல்லாம் முடிந்த பிறகுதான் நல்லது. முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே அங்கே அதுதான் முறை. மற்றவர்களுக்கு அது மேசையோடு முடிந்துவிடும். பெரியக்காவுக்கு முடியாது. டீக்கடை, கோயில், கல்யாண வீடு எங்கே போனாலும் குறையை முதலில் சொல்வார், அதுவும் யாரும் கேட்பதற்கு முன்னால்.

ஒரு தடவை சென்னையிலிருந்து சரக்கு வாங்குகிறவர் ஒருவர் வந்திருந்தார். தட்டைப் பார்த்தார், பிடித்துவிட்டது. முதலாளி லபெயெ வரவழைத்தார். எங்கள் ஊர்ப் பால் டீயை அவர் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது பெரியக்கா சொன்னார்: “இது மேல் மூட்டைங்க. அடி மூட்டை நனைஞ்சிருக்கு. நேத்து கூரை ஒழுகிச்சு.” அவர் பாதி டீயோடு எழுந்து போனார். திரும்ப வரவே இல்லை. முதலாளி இரண்டு நாள் பெரியக்காவோடு பேசவில்லை. ஆனால் மூன்றாம் நாளும் மேசைக்கு முன்னால் அவரைத்தான் நிறுத்தினார்.

இன்னொரு தடவை என் வீட்டில். என்னைப் பெண் பார்க்க லான்மடாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் பெரியக்கா வீடு. மரியாதைக்கு அம்மா அவரையும் கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளையின் தாயார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் பெரியக்கா, “அந்தப் பக்கம் உக்காராதீங்க, அதுக்கு இடது காது மந்தம்” என்றார். சின்ன வயதில் சீழ் வைத்துக் கெட்ட காது. எங்கள் வீட்டில் யாரும் வெளியே சொல்லாத விஷயம். வந்தவர்கள் பலகாரத்தைத் தொடாமல் எழுந்தார்கள்.

அம்மா வாசலிலேயே சண்டைக்குப் போனார். “உனக்கு வாய்ல பூட்டே கெடையாதா? என் புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!”

“கட்டிக்கிட்டு நாலாம் நாள் தெரிஞ்சா அடிச்சு அனுப்புவான். இப்ப டீயோட போச்சு” என்றார் பெரியக்கா. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, போகிற போக்கில், “டீயில சக்கரை ஜாஸ்தி” என்றும் சொன்னார்.

அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் நான் மன்னிக்கவில்லை. குடோனில் ஒரு மாதம் அவர் முகத்தையே பார்க்காமல் வேலை செய்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

தன் நோயையும் அவர் அப்படித்தான் சொன்னார். ஒரு நாள் காலை, மேசைக்கு முன்னால், தட்டைக் கையில் எடுத்தபடி: “எனக்கு மார்ல கட்டி. கேன்சர்ன்னுட்டாங்க. திங்கக்கிழமையிலேர்ந்து வரமாட்டேன். இந்த லாரியில கல்லு ஜாஸ்தி.” தரகர் வாயைப் பிளந்தார். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெரியக்கா அடுத்த தட்டுக்குப் போனார்.

கட்டியை இங்கேயே எடுத்தார்கள். அதற்கப்புறம் ஏற்றிய மருந்தில் தலைமுடி போய் வந்தது. ஆனால் விரல்கள் கெட்டுவிட்டன. நுனி மரத்துப்போய், உள்ளே தீ வைத்ததைப் போல எரியும் என்றார். பருப்பை உருட்டினால் கல்லா பருப்பா என்று தெரியவில்லை. அவருடைய மகன் தாய்லாந்தில் மீன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அங்கே கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினான். மூன்று மாதம் அங்கேயே இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். கையுறை மாட்டியிருந்தார். முன்னைவிடத் தெளிவாக இருந்தார். தூக்கம் வருகிறது என்றார்.

அவர் வந்த அடுத்த வாரம்தான் முதலாளி சோதனை விஷயத்தைச் சொன்னார். போன வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவன் போதையில் ஏற்றி, ஒருவருக்குக் கால் நசுங்கியிருந்தது. அது எப்படியோ வெளிநாட்டு வாங்குகிறவர் காதுக்குப் போய், குடோனுக்குள் கால் வைக்கும் எல்லோருக்கும் சிறுநீர்ச் சோதனை செய்து சான்று அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார். யாருக்காவது போதை மருந்து இருப்பதாக வந்தால் வேலை இல்லை. வார்டு ஆபீசுக்கும் சொல்ல வேண்டியிருக்கும். “மறைச்சேன்னு நாளைக்கு என்னைப் புடிப்பாங்க” என்றார் முதலாளி. ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வார்டு ஆபீஸ் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் குரல் தாழ்ந்துவிடும்.

அன்று மத்தியானம் பெரியக்கா என் மேசைக்கு வந்தார். நாலாக மடித்த காகிதம் ஒன்றை வைத்தார். தாய்லாந்து ஆஸ்பத்திரியின் மருந்துச்சீட்டு. மேலே தாய் மொழி, கீழே ஆங்கிலம்.

“இதைப் பர்மா பாஷையில எழுதிக் குடு. முதலாளிகிட்ட குடுக்கணும். சோதனைக்கு முன்னால.”

படித்தேன். மறுபடியும் படித்தேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

“பெரியக்கா, இது என்னன்னு தெரியுமா? கஞ்சா.”

“கஞ்சா எண்ண. நாக்குக்கு அடியில நாலு சொட்டு. டாக்டர் சொல்லித்தானே குடுத்தாரு. நானா போய் வாங்கினேன்?”

“பாட்டில் எங்க?”

“மகன்கிட்டயே விட்டுட்டேன். இங்க கொண்டாந்தா உள்ள போட்டுருவானுங்கன்னு எனக்குத் தெரியாதா? ஏர்போர்ட்டுக்குக் கெளம்புற அன்னைக்குக் காலையிலதான் கடேசியாப் போட்டது. அதுக்கப்புறம் தொடல. கை இப்ப மறுபடி எரியுது.”

“அங்க குடிச்சீங்களா இங்க குடிச்சீங்களான்னு சிறுநீர் சொல்லாது பெரியக்கா.”

“அதான் நான் சொல்றேன். எழுது.”

சரி என்றேன். சோதனைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அன்று மாலை பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது போனில் தேடிப் பார்த்தேன். விட்டுவிட்டு வந்த நெட்டில் எனக்குக் கிடைத்தது இதுதான்: விடாமல் சாப்பிட்டவர்களுக்கு ஒரு மாதம் வரைகூடச் சோதனையில் தெரியலாம். பத்து நாளில் அது போகாது.

நான் எழுதவில்லை. காரணத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பயம் பாதி. இந்தக் காகிதத்தை என் கையால் எழுதிக் கொடுத்தால் நானும் அதில் இருப்பேன். மீதிப் பாதி கர்வம். இந்த மனுஷிக்கு ஒன்றும் தெரியாது, வாயைத் திறந்தே கெட்டுப்போகிறவர், காகிதத்தை எப்படிக் கையாள்வது என்று படித்த எனக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். குடோனில் வருகைப் பதிவேடு தமிழ்ப் பேரில் இருக்கிறது, முதலாளியின் அப்பா எழுதத் தொடங்கிய வழக்கம். அதைப் பார்த்துச் சோதனைப் பட்டியலைத் தட்டச்சு செய்தபோது பெரியக்காவின் பேரை விட்டுவிட்டேன். நாற்பத்தொரு பேரில் ஒரு பேர். யாருக்கும் தெரியவில்லை.

அவர் தினமும் கேட்டார். “குடுத்துட்டியா?” நாலாம் நாள், “குடுத்துட்டேன் பெரியக்கா” என்றேன். “முதலாளி படிச்சாரு. உங்களுக்குச் சோதனை வேணாம்னுட்டாரு. ஆனா இதைப் பத்தி யார்கிட்டயும், அவர்கிட்டயும் பேச வேணாமாம். ரகசியமா இருக்கட்டும்னாரு.”

பெரியக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்ல மனுசன்” என்றார். தன் சீட்டைத் திருப்பி வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் முதலாளியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதிரி தலையைத் தாழ்த்திக் கும்பிட்டார். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பதிவேட்டைத் திறந்து தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கிளினிக்கிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு பையனும் வந்து, தட்டு வைக்கும் மேசையிலேயே டப்பாக்களை அடுக்கினார்கள். என் பட்டியலை நீட்டினேன். “எங்ககிட்ட இருக்கு” என்று அந்தப் பெண் பர்மியத்தில் சொல்லி, தன் தாளை எடுத்தாள். அடையாள அட்டை நகல்களிலிருந்து அவர்களே அச்சடித்த தாள். அந்த நகல்களைச் சோதனைக்குப் பதிவு செய்ய, முதலாளி விஷயத்தைச் சொன்ன அன்று காலையே அனுப்பியது நான்தான். நாற்பத்தொரு அட்டை, நாற்பத்தொரு பர்மியப் பேர். பட்டியலில் ஒரு பேரை அழித்தவள் இன்னொரு பேரை மறந்துவிட்டேன்.

பன்னிரண்டாவதாக அவள், வயதில் பெரிய பெண்களுக்கு முன்னால் போடும் ‘டோ’வோடு ஒரு பேரைக் கூப்பிட்டாள். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு ஆள் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அவள் மறுபடி கூப்பிட்டாள். ஓரமாக மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பெரியக்கா எழுந்தார்.

“அது நான்தான். எனக்குச் சோதனை வேணாம்னு சொல்லிட்டாங்களே” என்றார் தமிழில்.

முதலாளி திரும்பினார். “யாரு சொன்னது பெரியக்கா?”

“நீங்கதான்.”

“நானா? நான் எப்பச் சொன்னேன்?”

பெரியக்கா என்னைப் பார்த்தார். அவர் பருப்பைக் கடிக்கும்போது கண்ணைச் சுருக்கிக் காத்திருக்கும் பார்வை ஒன்று உண்டு. அதே பார்வை. நான் என் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். எத்தனை விநாடி என்று தெரியாது. அதற்குள் நான் பேசியிருக்க வேண்டும்.

“எனக்குத்தான் தப்பா நெனப்பு” என்றார் பெரியக்கா. “சொல்லணும்னு இருந்தேன். சொன்னதாவே நெனச்சுட்டேன். வயசாச்சு.”

அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அது.

பிறகு கையுறையோடு தடுமாறிப் பையைத் திறந்து சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். “தாய்லாந்துல டாக்டர் குடுத்த மருந்து. கஞ்சா எண்ண. கை எரிச்சலுக்கு. இங்க வந்து தொடல. ஆனா சோதனையில வரும்.”

கிளினிக் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கஞ்சா என்ற சொல் எங்கள் ஆட்களில் தமிழ் தெரிந்த இருபது பேர் முகத்தில் ஓடியதை அவளும் பார்த்தாள். முதலாளி அவளிடம் பர்மியத்தில், “இவங்க இப்ப எங்ககிட்ட வேலையில இல்ல. அடுத்த பேரைக் கூப்பிடும்மா” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் வேலை போயிற்று. அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“தனியா வந்து சொல்லியிருக்கக் கூடாதா பெரியக்கா? பத்து நாள் முன்னாடி இந்தச் சீட்டு என் கைக்கு வந்திருந்தா, டாக்டர் மருந்துன்னு கிளினிக்கில முன்கூட்டியே பேசியிருப்பேன். உங்களை ரெண்டு மாசம் வீட்டுல இருக்கச் சொல்லியிருப்பேன். இப்ப புடிபட்டதுக்கு அப்புறம் காட்டினா யாரு நம்புவா? இத்தனை பேரு கேட்டாச்சு. நான் என்ன பண்றது?”

“தப்புதான்” என்றார் பெரியக்கா.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “உனக்கு இது தெரியுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியக்கா முந்திக்கொண்டார். “அதுக்கு என்ன தெரியும்? இங்கிலீஷ் படிக்கும். அவ்வளவுதான்.”

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

சொந்த விருப்பத்தில் விலகுவதாக ஒரு கடிதம் வேண்டும் என்றார் முதலாளி. நான்தான் தட்டச்சு செய்தேன். கையெழுத்துப் போடும்போது அவர் விரலில் பேனா நிற்கவில்லை, இரண்டு தடவை நழுவி விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். “மை கொறைவா வருது” என்றார்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. படகுத்துறை வரைக்கும் அவரைக் கஞ்சாக்காரி என்றார்கள். வார்டு ஆபீசிலிருந்து ஆள் வந்து வீட்டைத் துழாவிவிட்டுப் போனதாக அம்மா சொன்னார். அம்மா குரலில் சந்தோஷம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. நான் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போய் பஸ் பிடித்தேன். புதிதாகச் சரக்குப் பார்க்க வந்தவர் முதலில் நல்லதைச் சொல்கிறார். முதலாளி ஒவ்வொரு தட்டையும் இரண்டு தடவை கிளறிப் பார்க்கிறார். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, ஆபீஸ் பொறுப்பு முழுவதும் இனி உனக்குத்தான் என்றார். ஆபீசில் தனி அறை தருகிறேன் என்றார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா என் தட்டில் தன் மீனையும் எடுத்து வைத்தார். நான் அதை அம்மா தட்டில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பர்மியத்தில் எழுதினேன். இரண்டு பக்கம். பெரியக்கா சீட்டை என்னிடம் கொடுத்த நாள், எழுதச் சொன்னது, நான் எழுதாதது, கொடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னது, பட்டியலில் பேரை எடுத்தது. சீட்டின் மொழிபெயர்ப்பையும் சேர்த்தேன், முன்பே படித்து மனதில் பதிந்துபோன வரிகள்தான். அவர் மறைக்கவில்லை, மறைத்தது நான், ஆகவே அவரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று முடித்தேன். இரண்டு படி எடுத்தேன்.

இன்று காலை ஏழு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்றபடியே முழுவதையும் தமிழில் சொல்லிப் படித்துக் காட்டினேன். கைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு கேட்டார்.

“முதலாளிகிட்ட குடுத்துட்டியா?”

“இல்ல பெரியக்கா. இனிமேத்தான்.”

“அப்ப இன்னும் கிழிச்சுரலாம்.” ஈரத்துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, “உங்கப்பாவுக்கு இனிமே சாக்கட அள்ள முடியாது. உன்னை நம்பித்தான் வீடு. யோசிச்சியா?” என்றார்.

“யோசிச்சேன்.”

“யோசிச்சுட்டு அப்புறம் வா.”

ஒரு படியை அவர் பக்கத்திலிருந்த முக்காலியில் வைத்து, காற்றில் பறக்காமல் மேலே தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு வந்தேன். எட்டு மணி பஸ்ஸில் நிற்க இடம்தான் கிடைத்தது. பாலத்தின் மேல் சிப்பாய்கள் சோதனைக்கு நிறுத்தினார்கள். என் பைக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தார்கள். அந்தக் காகிதத்தை யாரும் பிரிக்கவில்லை.

முதலாளி அப்போதுதான் வந்திருந்தார். மேசையில் வைத்தேன். முதல் பக்கத்தைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டாம் பக்கத்தையும் படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“இதை நான் பார்க்கல” என்றார் மெல்ல. “நீ குடுக்கவும் இல்ல. எடுத்துக்கிட்டுப் போ. அறைச் சாவியை மத்தியானம் தரச் சொல்லியிருக்கேன்.”

“இன்னொரு படி பெரியக்காகிட்ட இருக்கு சார்” என்றேன். “வர்ற வழியில நானே கொண்டுபோய்க் குடுத்துட்டேன்.”